எண்ணெய் அளவைச் சொல்லாமல் போனவனுக்கு

இன்று காலை லேபில் மீன் எண்ணெய்க் கேன் ஒன்று கவிழ்ந்துவிட்டது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது. செத்துப்போனவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாதி பதனிட்ட தோலை இனிக் கப்பலேற்றக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்ட எழுபதுகள். மெருகேற்றி முடித்த தோலைத்தான் அனுப்ப வேண்டும். நம் ஆம்பூர் கம்பெனியில் பதனிட நீ இருந்தாய், சோதித்துப் பார்க்க நான் இருந்தேன். மெருகேற்ற ஒருவனுக்கும் தெரியாது. நாமாகக் கற்றுக்கொள்ளும்வரை யார் காத்திருப்பார்கள்? அதனால்தான் முதலாளி பம்பாய் கெமிக்கல் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார். அவர்களிடம் புதுக் கெமிக்கல் இருந்தது, போட்டுப் பார்க்கத் தோல் இல்லை. நம்மிடம் தோல் இருந்தது, மூளை கம்மி.

"இது தேறலன்னா கேட்டை மூட வேண்டியதுதான்" என்று முதலாளி உன் முன்னால்தான் சொன்னார்.

பம்பாயிலிருந்து வந்த கெமிஸ்ட் உன்னிடம் கேட்டது ஒன்றுதான், இந்தத் தோல் விறைக்காமலிருக்க எண்ணெய் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று. நம் ஊரில் வெளியாளுக்கு எவனும் சரியான அளவைச் சொல்வதில்லை. கேனில் ஒட்டிய லேபிளைக்கூடச் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே வைப்போம். கூட்டாளிக்கும் அதே மரியாதையைச் செய்தாய். போட்டதைவிட ஜாஸ்தியாகச் சொன்னாய். அந்த மனுஷன் உன்னை நம்பித் தன் பங்கு எண்ணெயைக் குறைத்தான். காய்ந்த தோலை மடித்தால் அப்பளம் மாதிரி உடைந்தது.

"அவன் கெமிக்கலே பேஜார் முதலாளி" என்றாய், கூசாமல். தோலைச் சோதித்துவிட்டு, நீ போட்ட எண்ணெயே சொன்னதைவிடக் கம்மி என்று நான் கத்தினேன். முதலாளி உன்னைத்தான் நம்பினார். பம்பாய்க்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் கம்பெனிக்குப் போனான். அங்கே உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அவர்கள் தோல் கப்பலேறியது, நம் கேட் மூடியது. உன்னோடு தோல் சுழற்றும் டிரம் ஓட்டியவர்கள் பீடி சுற்றி வயிற்றைக் கழுவினார்கள்.

எதிர் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. உன்னையும் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் நீ படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வந்தேனே, பாவம் என்று வரவில்லை. "இப்பவாச்சும் சொல்லுடா, அன்னிக்கி எண்ணெய் எவ்ளோதான் போட்டே?" என்று கேட்கத்தான் வந்தேன்.

நீ கதவுப் பக்கம் பார்த்தாய். யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்தினாய்.

"நீ இப்ப எதிர் கம்பெனி ஆளு. உன்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லணும்?"

சாவு வீட்டில் எல்லோரும் உன்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போதும் கூட்டு ஆராய்ச்சிக்கு என்று யாராவது வெளியூரிலிருந்து வந்து அளவு கேட்கிறார்கள். சொல்லாதே என்றுதான் நாக்கு இழுக்கிறது, நானும் இந்த ஊர்க்காரன்தானே. உன் மேல் இருக்கும் ஆத்திரத்தில்தான் சரியான அளவைச் சொல்லிவிடுகிறேன்.