சிந்துவுக்கு வாங்கிய சுத்தியல்

14 செப்டம்பர் 2002, சனி

காலையில் ஃப்யூஸ் போயிற்று. நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பி மாற்றினேன். சிந்து கீழே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியபடி நின்றாள். இருபத்து மூன்று வயது. இங்கே டெல்லியிலேயே, நேரு ப்ளேஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கார்த்திகையில் கல்யாணம். ஃப்யூஸ் கட்டையைத் தொடப் பயம்.

"கல்யாணத்துக்கப்புறம் கரண்டு போனா என்ன பண்ணுவ அம்மிணி?"

"பிரதீப் யாரையாச்சும் கூப்பிடுவான்ம்மா. நீ ஜல்தி இறங்கு, விழப்போற."

யாரையாவது கூப்பிடலாம்தான். ஆனால் வருகிறவன் வரும்வரை? இவர் டூர் போன நாட்களில், ஜூன் வெயிலில், கைக்குழந்தையாக இருந்த இவளை மடியில் வைத்து விசிறிக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அதில்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். என் மகள் அப்படி உட்கார வேண்டாம். பாத்திரம் பண்டத்தோடு ஒரு கருவிப்பெட்டியும் கொடுக்கப் போகிறேன்.

அவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சீர்ல சுத்தியலா? சம்பந்தி ஊட்டுல சிரிப்பாங்க அருக்காணி," என்றார்.

சிரித்துவிட்டுப் போகட்டும்.

19 செப்டம்பர், வியாழன்

சிந்துவை இழுத்துக்கொண்டு கோட்லா மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் சின்னதாக, பளபளவென்று ஒரு சுத்தியலை எடுத்து நீட்டி, பேட்டிக்கு, அதாவது மகளுக்கு, இது போதும் என்றார். பொம்மை மாதிரி இருந்தது. அதில் அடித்தால் ஆணி வளையும், சுவரில் இறங்காது. பின்பக்கம் ஆணி பிடுங்கக் கொக்கி உள்ளதாக, கனமாக ஒன்றை எடுத்து இவள் கையில் கொடுத்தேன். தலைக்குப் பக்கத்திலேயே பிடித்தாள். கீழே தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். கடையில் கிடந்த மரத்துண்டில் ஓர் ஆணி அடித்தாள். கோணலாக இறங்கியது. இருந்தாலும் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு.

தட்டையாக ஒன்று, நட்சத்திரத் தலையோடு ஒன்று என்று இரண்டு ஸ்குரூ டிரைவர். ரப்பர் பிடி போட்ட பிளேயர். டெஸ்டர். அளவு டேப். குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப், வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப். திருகினால் வாய் பெரிதாகும் ஸ்பானர். போதும், வீட்டுக்கு இதற்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் போட ஒரு சிவப்புப் பெட்டி.

அவளுக்குப் பிடித்தது டெஸ்டர்தான். வீட்டில் ஒவ்வொரு பிளக்காக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

22 செப்டம்பர், ஞாயிறு

மாப்பிள்ளை பிரதீப் சாப்பிட வந்திருந்தார். நொய்டாவில் மானேஜர். மயூர் விஹாரில் சொந்த ஃப்ளாட், தனியாக இருக்கிறார். அப்பா அம்மா நாக்பூரில். பேப்பர் விளம்பரத்தில் அமைந்த சம்பந்தம் என்று முதலில் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. இந்தப் பையனைப் பார்த்தபின் போய்விட்டது. குரல் உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிறார்.

சிந்து பெட்டியைத் திறந்து காட்டினாள். சிரித்தார். "நம்ம வீட்டுல ரிப்பேருக்கு ஒண்ணுமே இல்ல அத்தை. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

திரைச்சீலைக்கு அளவெடுக்க வேண்டும் என்றேன். உடனே சாவியைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். சிந்துவுக்கு லீவு இல்லை. நான் மட்டும்.

27 செப்டம்பர், வெள்ளி

என் கையெழுத்து இதுவா? எழுத்து ஓட மாட்டேன் என்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு இதை நானே நம்பமாட்டேன்.

பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் அளவெல்லாம் எடுத்தாயிற்று. படுக்கையறைக் கதவின் உள்பக்கம் துணி மாட்ட ஒரு கொக்கி அடித்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கதவைச் சாத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் ஸ்குரூ ஓட்டைகள் மட்டும்.

புதுசாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்து வெளியே வந்தேன். கதவின் வெளிப்பக்கம், என் நெஞ்சு உயரத்தில், பெயிண்டுக்கு அடியில் சின்னச் சின்ன மேடுகள். கை வைத்தால் தெரிகிறது. ஸ்குரூ டிரைவரால் லேசாகச் சுரண்டினேன். ஓட்டை அடைக்கிற பட்டி உதிர்ந்தது. அடியில் ஸ்குரூ ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. நிலையிலும், தாழ்ப்பாள் நுழையும் இடத்தில் பட்டி வைத்து அடைத்த பெரிய ஓட்டை.

படுக்கையறைக்கு வெளியே யாராவது தாழ்ப்பாள் போடுவார்களா?

முன்னே குடியிருந்தவர்கள் நாய் வளர்த்திருப்பார்கள். அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே உள்ளே போய்க் கொக்கிக்கு ஆணி அடிக்க ஆரம்பித்தேன்.

வாசல் மணி அடித்தது. விடாமல் அடித்தது. போய்த் திறந்தால் எதிர்வீட்டு அம்மாள். கையெல்லாம் பிசைந்த மாவு. முகத்தில் ரத்தமே இல்லை.

"ஃபிர் ஸே?" என்றாள். மறுபடியுமா என்று. பிறகு என் தோளுக்கு மேல் உள்ளே எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு திரும்ப வந்துட்டாளா?"

எந்தப் பெண் என்று கேட்டேன்.

"அவன் மனைவி."

நான் அவனுக்கு மனைவியாக வரப்போகிறவளின் அம்மா என்று சொன்னேன். அந்த அம்மாள் மாவுக் கையோடு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மிஸஸ் பாட்டியா என்று பெயர். அவள் ஹிந்தியில் சொன்னது இதுதான். வைஷ்ணவி என்று ஒரு பெண். போன வருஷம் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்தான். ஆபீஸ் போகும்போது அந்த அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டு, வெளிக்கதவையும் பூட்டிக்கொண்டு போவான். அவள் தட்டுவாள். கேட்டால், அவளுக்கு உடம்பு சரியில்லை, தூங்கட்டும் என்பான். சிரித்த முகமாகத்தான் சொல்வான். ஹோலி முடிந்து ஒரு நாள் மத்தியானம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். அந்த நிசப்தம் இந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாக அந்தப் பெண் எப்போதோ சொல்லியிருந்த அண்ணன் நம்பருக்குப் போன் செய்தாள். அந்த அண்ணன் மறுநாளே போபாலில் இருந்து வந்து, சாவி செய்கிறவனை வைத்துத் திறந்து கூட்டிப் போனான். செருப்புகூட இல்லாமல் இறங்கிப் போனாளாம்.

நான் ஆணி அடித்த சத்தம் இந்த அம்மாளுக்கு வைஷ்ணவி தட்டும் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

சுத்தியல் என் கையிலேயே இருந்தது. ஆட்டோவில் யமுனைப் பாலம் தாண்டும்போதுதான் பார்த்தேன், இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். பெட்டியை எப்படியோ எடுத்து வந்திருக்கிறேன், கதவைப் பூட்டினேனா என்று நினைவில்லை.

28 செப்டம்பர்

குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

29 செப்டம்பர், ஞாயிறு

முதலில் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "வேற யாரோ இருந்திருப்பாங்க. பழைய குடித்தனமா இருக்கும்," என்றார். சொந்த ஃப்ளாட்டில் ஏதுங்க பழைய குடித்தனம் என்று கேட்டேன். பேப்பரை எடுத்து விரித்தார்.

சிந்துவிடம் சொன்னபோது அவளுக்கு என்மேல்தான் கோபம்.

"திரைக்கு அளவு எடுக்கத்தானே போன? ஏன் போய்ச் சுரண்டின?"

"கண்ணு, நான் சுரண்டலைன்னாலும் அந்த அம்மா வந்திருப்பாங்க."

"யாரோ ஒரு ஆன்ட்டி சொன்னா நம்பிடுவியா? நான் அவன்கிட்டயே கேட்கிறேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரம் கழித்து அவளே வந்து அதை அகலமாகத் திறந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.



1 அக்டோபர், செவ்வாய்

ஆபீஸ் முடிந்து அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலிலேயே நின்றாள். அடுப்பை அணைத்தேன்.

"அவன் இல்லைன்னு சொல்லலம்மா."

ஒரு தடவைகூடத் தடுமாறவில்லையாம். கல்யாணம் ஆனது உண்மை, விவாகரத்தும் ஆகிவிட்டது, நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன் என்றானாம். ஏன் தாழ்ப்பாள் என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"அவ சேஃப்டிக்குத்தான், வெளிய போனா யார்கிட்ட என்ன பேசுவாளோ தெரியாதுன்னான். உடம்பு சரியில்லைன்னா எந்த டாக்டர்கிட்ட காட்டினன்னு கேட்டேன். டாக்டர் எதுக்கு, நான்தான் பாத்துக்கிட்டேனே அப்படின்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் சொன்னான்ம்மா, அதான் எடுத்துட்டேனே, பட்டி வெச்சு பெயிண்ட்டும் அடிச்சாச்சு, இன்னும் என்ன ப்ராப்ளம் உனக்குன்னு. கோபமே இல்லம்மா. நிஜமாவே புரியாமக் கேக்கறான்."

கடைசியில் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். உங்க அம்மா ஏன் என் கதவைச் சுரண்டினாங்க?

சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை. பல் தந்தியடிக்க, உடம்பு மட்டும் உதறிக்கொண்டிருந்தது. அக்டோபரில் என்ன குளிர்? போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன்.

இவனா. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த இவனா.

3 அக்டோபர்

நாக்பூரில் இருந்து அவன் அம்மா போன் செய்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். என்ன புத்தி எனக்கு.

"சீர்ல சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் எடுத்து வெச்சீங்களாம். குடும்பத்துக்கு வர்ற பொண்ணுக்கு எதுக்குங்க அதெல்லாம்? மொதப் பொண்ணும் இப்படித்தான், அடங்காம இருந்தா."

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் விளம்பரம் கொடுத்திருக்கிறாள். என் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து என் மகள் தலையில் பூ வைத்தாள்.

என்ன பதில் சொன்னேன் என்று எழுத வேண்டும் என்றுதான் பார்க்கிறேன். போன் கையில் இருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்தான் எடுத்து வைத்தார்.

6 அக்டோபர், ஞாயிறு

கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்டது. மண்டபம், சமையல்காரர், ஊரில் உள்ளவர்கள், எல்லோருக்கும் அவரே சொன்னார். ஒவ்வொரு போனிலும் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்றார்.

"நெசத்தைச் சொன்னா என்னங்க?" என்றேன்.

"சொன்னா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம பொண்ணு பேருதான் நாலு வாயில விழும். இதோட விடு அருக்காணி."

சிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் விட்டுவிட்டேன்.

24 நவம்பர்

இன்று முகூர்த்தம் ஆகியிருக்கும். நான் பாட்டுக்குத் துவரம் பருப்பில் கல் பொறுக்கினேன், கல்லே இல்லாத பருப்பில்.

இன்னும் சில சமயம் மாவு பிசையும்போது கை நின்றுபோகிறது. அந்த மத்தியானம் வைஷ்ணவி தட்டுவதை ஏன் நிறுத்தினாள்?

12 ஜனவரி 2003, ஞாயிறு

சிந்து லாஜ்பத் நகரில் ஒரு அறை எடுத்திருக்கிறாள், ஆபீஸ் தோழி ஜ்யோத்ஸ்னாவோடு. இதே டெல்லியில் அப்பா அம்மா இருக்கும்போது பெண் தனியாக இருப்பதா என்று அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் திக்கென்றுதான் இருந்தது.

"எனக்கே எனக்குன்னு ஒரு கதவு வேணும்மா. கொஞ்ச நாளைக்கு," என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

சாமான் கட்டும்போது சிவப்புப் பெட்டியை நான் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய் வந்த பெட்டி. அவளே பரண் மேல் ஏறி எடுத்தாள். "இதுல அரம் இல்லையேம்மா," என்றாள். போகிற வழியில் கோட்லாவில் ஒன்று வாங்கிப் போட்டோம். கொஞ்சம் வெவ்வேறு அளவு ஸ்குரூவும், இரண்டு தாழ்ப்பாளும். கடைக்காரரிடம் விலை பேசியது அவள்தான்.

20 ஏப்ரல், ஞாயிறு

காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், தேங்காய்க் கடையில் முத்தம்மாவைப் பார்த்தேன். எங்கள் பிளாக்கில் முன்பு இருந்தவள். இப்போது சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். அங்கே மாடி வீட்டுப் பெண் ஜலஜாவுக்கு வைகாசியில் கல்யாணம் என்றாள். "நல்ல எடங்க அக்கா. பையன் நொய்டாவுல மானேஜரு. மயூர் விஹார்ல சொந்த ஃப்ளாட். அப்பா அம்மா நாக்பூருல. அத்தனை அமைதியாமா."

பெயர் கேட்டேன். கேட்காமலேயே தெரிந்துதான் இருந்தது.

தேங்காய்க்குப் பணம் கொடுத்தேனா, தேங்காயை வாங்கினேனா, ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று சிந்து சாப்பிட வந்திருந்தாள். இருவரிடமும் சொன்னேன். சிந்துவின் முகம் வெளுத்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் போய்ச் சொல்றேன்ப்பா. என் பேர் கெட்டா கெட்டுப் போகட்டும்."

அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே பக்கம். விடு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எதிர்த்துப் பேச வார்த்தையைக்கூடத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எத்தனாவது நம்பர் ஊடுன்னு கேட்டியா?" என்றார்.

கேட்டிருந்தேன்.

எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆபீசுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. பித்தானை மாற்றிப் போட்டிருந்தார், சிந்து சரிசெய்தாள். மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். படி ஏறும்போது சிந்து முன்னால் போகப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அந்தப் பெண்ணே வந்து கதவைத் திறந்தாள். ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தாள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா குளிக்கறாங்க அங்கிள். நீங்க யாரைப் பார்க்கணும்?"

"உன்னத்தான் கண்ணு," என்றார் அவர்.