நாற்பத்து மூன்று படங்கள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். நீ எழுதமாட்டாய், நான்தான் எழுத வேண்டும். போனில் பேசலாமே என்பாய். போன வாரம் போனில்தானே கேட்டேன்? "லைன் சரியில்ல சுண்டு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் உன் ஸ்டூடியோவில் யாரோ தும்மியதுகூடக் கேட்டது. அதனால்தான் காகிதம். இதில் நீ பேச்சை மாற்ற முடியாது.

அம்மா போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். அவளுடைய மூக்குக் கண்ணாடி இன்னும் பிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். போன ஆகஸ்டில் நீ வந்திருந்தபோது விளக்கெல்லாம் நிறுத்திவைத்து எடுத்தாயே, அதில் ஏதாவது ஒன்றை அனுப்பு. என் போனில் இருக்கும் எல்லாப் படத்திலும் அம்மா உள்ளங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாள். எப்போது போனைத் தூக்கினாலும் அதே பேச்சு. "நீ சும்மா இரு. என் பையன் எடுப்பான், அவன் தொழில் தெரிஞ்சவன்."

நேரத்துக்குச் சாப்பிடு. இருமல் விட்டதா?

உன்
சுண்டு

மார்ச் 19

என் அன்புச் சுண்டுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் பரவாயில்லை. கோபித்துக்கொள்ளாதே, இங்கே தலைக்கு மேல் வேலை. விளம்பரத்துக்கு ஒரு கைக்கடிகாரம். ஒரே ஒரு படம்தான், ஆனால் இது மூன்றாவது நாள். கண்ணாடியில் விளக்கின் நிழல் விழக்கூடாது, முள்ளின் விளிம்பு மட்டும் மின்ன வேண்டும். ஒரு தூசியை இடுக்கியால் எடுத்தால் இன்னொன்று வந்து உட்காருகிறது. கடிகாரக் கம்பெனிக்காரர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்று மூச்சு விடுகிறார். அவர் மூச்சிலேயே பாதித் தூசி வருகிறதென்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ கேட்ட படங்கள் சோதனைக்காக எடுத்தவை. வெளிச்சம் சரிபார்க்கக் கண்டபடி தட்டியது. அன்று விளக்கை எரியவைக்கும் டிரிகர் மக்கர் பண்ணியது உனக்கே தெரியும். லென்ஸும் சரியில்லை, ஓரமெல்லாம் மங்கல். அதை அப்போதே மாற்றிவிட்டேன். இப்போது இருப்பதில் எடுத்திருந்தால் இமை முடியை எண்ணலாம். பழைய டிஸ்குகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் நிறம் திருத்தாமல் மாட்ட முடியாது. கொஞ்சம் பொறு.

அம்மாவின் மூக்குக் கண்ணாடியை அலமாரியில் வை. எடுத்துப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணா

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இமை முடியை எண்ணி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மங்கலாக இருந்தால் மங்கலாக அனுப்பு.

அன்றைக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் அம்மா தயார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத் தலை வாரிவிடச் சொன்னாள். அந்த மர நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நீ ஸ்டாண்டை நிறுத்தினாய், மடக்கினாய், ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினாய், திரும்பத் திறந்தாய். வெளிச்சம் அளக்கிற அந்தச் சின்னக் கருவியை அவள் கன்னத்தில் கொண்டுபோய் வைத்தாய். "என்னடா, காய்ச்சல் பாக்கறியா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை, ஏதோ எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாய். பன்னிரண்டு மணிக்கு, "இதுக்கே இவ்வளவு நேரமா? உன்னைப் பெத்தது இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சுது" என்றாள். ஒரு மணிக்கு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். நீ பெட்டியைப் பூட்டி, "அடுத்த தடவை ஒழுங்கா எடுத்துக்கலாம்மா" என்றாய். கண் விழித்து, "சரிப்பா" என்றாள்.

நானும் நாள் முழுக்கப் படம்தான் எடுக்கிறேன், அண்ணா. "மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க." ஒரு நாளைக்கு அறுபது பேர். எங்கள் எக்ஸ்ரே மெஷின் எனக்கு முன்னால் இந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது. அதையும் தட்டிக்கொட்டித்தான் எடுக்கிறோம். மெஷின் சரியில்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

எது இருக்கிறதோ அதை அனுப்பு.

உன்
சுண்டு

ஏப்ரல் 21

சுண்டு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது.

படங்கள் இல்லை. தேடவும் இல்லை. எங்கே போயின என்று எனக்கே தெரிந்திருக்கும்போது எதைத் தேடுவது?

அன்று திரும்பும்போது விமானத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் கண்ணை விட்டுவிட்டுக் காது துல்லியமாக இருந்தது. ஒன்றில் சுவரில் இரட்டை நிழல். ஒன்றில் உன்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், வாய் கோணியிருந்தது. பார்க்கப் பார்க்க அழித்துக்கொண்டே வந்தேன். நாற்பத்து மூன்று. என் பெயர் சொல்லி யாராவது பார்த்துவிடக்கூடாதே என்ற எண்ணம். யார் பார்க்கப்போகிறார்கள்? அம்மா பார்ப்பாள், நீ பார்ப்பாய்.

மீட்க முடியுமா என்று தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டேன். அதே கார்டில்தான் அடுத்த மாதம் முழுக்க ஷாம்பு பாட்டில்கள் எடுத்தேன். அம்மா இருந்த இடத்தில் பாட்டில்கள் உட்கார்ந்துவிட்டன என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிரிகர் வேலை செய்யாமல் போனபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒன்றே போதும், அது எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்த விஷயம். ஆனால் பாட்டிலை எப்படித் திருப்பினாலும் அது நம்மைத் திரும்பிப் பார்க்காது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பையன் ஏதோ அதிசயமாக எடுக்கப்போகிறான் என்று. எடுத்துக் காட்டி அது சாதாரணமாக இருந்துவிட்டால்? இத்தனை வருஷம் மூட்டை மூட்டையாகக் கருவிகள் வாங்கிச் சேர்த்தவனிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். லென்ஸ் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை என் கண் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

திட்டி எழுது. பரவாயில்லை.

அண்ணா

மே 12

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப்போய்ச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ இவ்வளவு சொன்ன பிறகு நான் மறைப்பது நியாயமில்லை.

நீ வருவதற்கு ஒன்பது நாள் முன்னால் அம்மாவை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சாதாரண இருமல் என்றுதான் நினைத்தேன். எக்ஸ்ரே நானே எடுத்தேன். "மூச்சை இழுத்துப் பிடிம்மா" என்றேன். திரையில் வந்ததும், டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவும் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். டாக்டர் ஆறு மாதம் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணன்கிட்ட இப்பச் சொல்லாதே. சொன்னா அழுத முகத்தோட வருவான். நானும் அழுத முகத்தோட உக்காரணும். முதல்ல அவன் படம் எடுத்துட்டுப் போகட்டும்."

சத்தியம் செய்துகொடுத்தேன். நீ போன பிறகும், "அப்புறம் சொல்லிக்கலாம்" என்றே நாளைக் கடத்திவிட்டாள்.

அன்று முழுக்க, அம்மா முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிட நீ கொடுத்த வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றவள் நான். அடுத்த தடவை என்று நீ சொன்னபோது, அடுத்த தடவை கிடையாது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், "அண்ணா, பரவாயில்ல, ஒண்ணே ஒண்ணு எடுத்துடேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கு அம்மாவிடம் செய்த சத்தியம் தடையில்லை. நான் சொல்லவில்லை. ஒரு வீம்பு. மருந்து, சளி, அழுக்குத் துணி எல்லாம் என் பங்கு, இது ஒன்றாவது அவனாகச் செய்கிறானா பார்ப்போம் என்ற வீம்பு. நீ பெட்டியைப் பூட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

படம் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் இடத்தில் ஒயரில் ஒரு கேமரா தொங்கும், பட்டாணி அளவு. வருகிறவர்களை எல்லாம் அதில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். எக்ஸ்ரேவுக்குப் போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எடுத்தது. பதிவு மேஜைக்காரர், "இங்க பாருங்கம்மா" என்று சொல்லச் சொல்ல, அம்மா பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நோய் இருப்பது அப்போது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள்தான். சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.

உனக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்று உறையில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அனுப்பினால் நீ திருத்த ஆரம்பித்துவிடுவாய். பார்க்க வேண்டுமானால் வீட்டுக்கு வா. கேமரா கொண்டுவராதே.

தங்கை

மே 30

தங்கைக்கு,

நீ சொல்லியிருக்கலாம்.

எனக்கு நூறு குற்றம் இருக்கட்டும். ஆனால் நீ சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியைப் பூட்டியிருக்கமாட்டேன். ஆறு மாதம் நீங்கள் இரண்டு பேரும் வைத்திருந்ததில் எனக்குப் பங்கு தரவில்லை. பிப்ரவரியில் வந்து பிணத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாய். அட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைச் சோதித்துப் பார்த்தாயா? நான் தோற்பதைப் பார்க்க அம்மாவின் முகத்தையா பணயம் வைப்பாய்?

நான் வரவில்லை. இப்போதைக்கு எழுதவும் வேண்டாம்.

அண்ணன்

ஜூன் 16

சுண்டுவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னவன் நான், எழுதுவதும் நான்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளே தெரிந்துவிட்டது. நீ சொல்லியிருந்தாலும் பூட்டியிருப்பேன். அழுதுகொண்டே வேறொரு விளக்கு வாங்கக் கடைக்கு ஓடியிருப்பேன். எழுதியதைத் திருப்பி வாங்க முடியவில்லை. அதை மறந்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை.

இன்று வேலைக்கு நடுவில் உட்கார்ந்து அந்தக் காலைப்பொழுதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். இடது கன்னத்தில் வெளிச்சத்தின் அளவு ஐந்து புள்ளி ஆறு, வலது கன்னத்தில் நாலு. விளக்குக்கும் நாற்காலிக்கும் இடையே ஆறடி. இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அம்மா அன்று என்ன புடவை கட்டியிருந்தாள்? நாலு மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியவில்லை. நீலமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதுவும் நானாக வைத்துக்கொண்டதுதான் என்று பயமாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி எழுது.

அண்ணா

செப்டம்பர் 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

ஜூனில் எழுதியது திரும்பி வரவில்லை, அதனால் உன் கைக்குக் கிடைத்திருக்கிறது. போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசினேன். நீ நன்றாக இருக்கிறாய், வேலைக்குப் போய் வருகிறாய் என்றார். அது போதும்.

ஸ்டூடியோவில் இருந்து விலகிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விலகவில்லை. இன்று ஒரு பற்பசைக் குழாய், நாளைக்கும் அதேதான்.

ஆகஸ்டில் வரலாம் என்று டிக்கெட் வரைக்கும் பார்த்தேன். வாசலில் வந்து நின்றால் நீ கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை. திறந்தால் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. அதனால் வரவில்லை.

என்னை மன்னிக்க வேண்டாம். நலமா என்றுகூடக் கேட்க வேண்டாம். ஒரு அட்டையில் நிறத்தை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

அண்ணா