மைதா மாவும் மாப்பிள்ளை விசாரிப்பும்

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து காற்று. குற்றாலத்தில் சாரலாம். இங்கே திருநெல்வேலிக்கு மண் மட்டும் வருகிறது. கடைக் கண்ணாடிக் கதவை மூன்று முறை துடைத்தாயிற்று. டைல்ஸ் பார்க்க ஒரு புருஷன் பெண்டாட்டி. இரண்டு மணி நேரம், நாற்பது மாதிரி. குளியலறைக்குப் பச்சையா நீலமா என்று என் முன்னாலேயே சண்டை. கடைசியில், "ஆடி கழிச்சு வாரோம்." வாருங்கள்.

வாங்க: அம்மா பி.பி. மாத்திரை. பெயிண்ட் பிரஷ் 1. மைதா அரைக்கிலோ.

மைதா கல்வெட்டுக்கு. தேய்ந்த எழுத்தின் மேல் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மாவு நிற்கும், எழுத்து வெள்ளையாகத் தெரியும். ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் எட்டுத் தூண் படித்து முடித்துவிட்டேன். நேற்றைய தூணில் "சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு". கோயில் விளக்குக்கு நெய் கொடுக்க யாரோ விட்டுப்போன ஆடுகள். சாகாது, கிழடாகாது. ஒன்று செத்தால் மேய்க்கிறவன் இன்னொன்றை நிறுத்த வேண்டும். எண்ணிக்கை குறையக் கூடாது. நம் சம்பளம் ஒன்றாம் தேதி பிறக்கிறது, பத்தாம் தேதி கிழடு, இருபதில் காரியம் முடிந்துவிடுகிறது.

மா.விடம் இதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "அந்த ஆட்டுக்காரன் பாவம்லா? அவன் புள்ளைக்கும் அதான வேல?" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை.

மா. = மாலதி. முப்பத்தொன்று. ராதாபுரம். பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். கல்யாண ஆப்பில் பழக்கம். நான்கு மாதமாக ஞாயிறுதோறும் சந்திப்பு. அதற்கு இந்த ஊரில் இடம் எங்கே இருக்கிறது?

காபி ஷாப்: ஒரு காபி நூற்றெண்பது. நம் வீட்டில் ஒரு வாரத்துக் காபி.
சினிமா: ஏசியில் அவளுக்குத் தும்மல்.
மைதானம்: நடைப்பயிற்சி அண்ணாச்சிகள் நமக்காகவே ரெண்டு சுற்று கூடப் போகிறார்கள்.

வீட்டில் சொல்லிவிட்டாளாம். அவள் மாமா என்னைப் பற்றி விசாரிக்க வருவார்.

ஜூன் 14, சனி

விசாரிப்பு என்பது ரகசியம். பெண்வீட்டு ஆள் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை தெருவுக்கு வருவார். டீக்கடையில் ஒரு டீ, இஸ்திரிக்காரரிடம் ரெண்டு வார்த்தை, கோயில் வாசலில் ஒரு நிமிஷம். போய்விடுவார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது. தெரியாத மாப்பிள்ளை வீடு இதுவரை இருந்ததில்லை.

அம்மா காலையிலேயே புறப்பட்டுவிட்டாள். இஸ்திரிக்காரருக்குக் காபி. எதிர்வீட்டுக்கு முறுக்கு. டீக்கடை அண்ணாச்சியிடம் நேரடிப் பேச்சு.

"யாராச்சும் இவனக் கேட்டு வந்தா நல்லபடியாச் சொல்லுங்க."

"நான் பாத்துக்கிடுதேன்க்கா. நம்ம புள்ளையில்லா!"

"எம்மா, நான் என்ன கொலையா பண்ணிட்டு வந்திருக்கேன்?"

"ஏலே, நீ சும்மா கெட. நல்லவனா இருந்தாப் போதுமா? நாலு பேரு சொல்லாண்டாமா?"

முப்பத்தாறு வயது. தெருவே சேர்ந்து எனக்கு நற்சான்றிதழ் எழுதுகிறது. மானக்கேடு.

ஜூன் 16, திங்கள்

வந்தாராம். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சப்பை. டீக்கடை அண்ணாச்சி என்னை ரோட்டிலேயே நிறுத்திச் சொன்னார். முகமெல்லாம் பெருமை.

"நான் அசந்தனா? தங்கமான பையன்னேன். குடி கெடையாது, சீட்டு கெடையாதுன்னேன். சாயந்தரமானா ஆத்தங்கர மண்டபத்துல போயி ஒக்காந்திருக்கும், ஆனா கஞ்சா கிஞ்சா ஒண்ணும் கெடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டம்லா!"

"கஞ்சாவப் பத்தி அவரு கேட்டாரா?"

"அவரு எங்க கேட்டாரு? நாமதான் முந்திக்கிடணும். நாளைக்கு வேற எவனாச்சும் வத்தி வச்சிட்டான்னா?"

"பொறவு?"

"அங்கன என்னத்துக்குப் போறான்னு கேட்டாரு. அது எனக்கென்ன தெரியும் தம்பி? சின்னக் கவர்ல வெள்ளப் பொடி கொண்டு போவும், கல்லுல தேய்க்கும்னேன். அவரு டீய பாதிலயே வச்சிட்டாரு."

அந்த மண்டபத்தின் கிழக்குப் பக்கம் யார் உட்கார்ந்து என்ன இழுக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். நான் மேற்குப் பக்கம். மேற்கு கிழக்கெல்லாம் யார் பார்க்கிறார்கள்? யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி ஒருவனைக் கவிழ்க்க நம் ஊர் ஆட்களால்தான் முடியும். அதுவும் பாசத்தோடு. திட்டவும் முடியவில்லை. "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார். குடித்தேன். சீனி தூக்கல்.

ஜூன் 17, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மா. போன்.

"மாமா ஒரு மாதிரி இருக்காவ. அது என்ன வெள்ளப் பொடி?"

மைதா என்றேன். விளக்கினேன். சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"சரி, பொடி மைதா. கஞ்சா?"

"ஞாயித்துக்கெழம நேர்ல பேசுவமா?" என்றேன். குற்றவாளிகூட இப்படி உளறமாட்டான்.

அப்புறம் அவள் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். வெளியூரில் வேலை என்றுதான் இதுவரை சொல்லியிருந்தாள். வேலை இல்லையாம். நாகர்கோவில் பக்கம் போதை மறக்க வைக்கிற இடத்தில் இருக்கிறான். மூன்றாவது தடவை. கஞ்சாவில் ஆரம்பித்து ஊசிவரை. அம்மா தாலிச்செயினைக்கூடக் கொண்டுபோய் விற்றுவிட்டானாம்.

"எங்க வீட்டுல அந்த ஒரு பேரக் கேட்டாலே அம்மா சோத்துத் தட்ட நவுத்தி வச்சிருவா. அதான் கேக்கேன். நெசத்தச் சொல்லணும், என்ன?"

கடையில் பச்சை டைல்ஸ் கேட்டவருக்கு நீலத்தைக் காட்டியிருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

உள்ளது உள்ளபடி: இரண்டு தடவை. ஒன்று, கொடைக்கானலில், டைல்ஸ் வியாபாரிகள் டூரில். இருமல், அப்புறம் ஏழு பரோட்டா. இன்னொன்று போன வருஷம், இதே மண்டபத்தில், கிழக்குப் பக்கத்து ஆள் ஒருவர் மரியாதைக்கு நீட்டினார். ஒரே ஒரு 'ழ'வை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை. அதோடு சரி.

வெள்ளைக்காரன் கஞ்சாக் கடையை ஏலம் விட்டு வரி வாங்கினான். வைத்தியச் சுவடியில் லேகியத்துக்கு அளவு போட்டிருக்கிறது. தேரிக்காட்டுப் பக்கம் செத்துப்போன ஒரு துரையின் சமாதிக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். துரை செத்த பிறகும் குடிக்கலாம். மாப்பிள்ளை உயிரோடு இருமக்கூடக் கூடாது.

இதையெல்லாம் மா.விடம் சொல்ல முடியுமா? அவள் அண்ணன் அங்கே படுத்திருக்கும்போது எனக்கு வரலாறு எதற்கு?

அம்மாவுக்கும் சேதி எட்டிவிட்டது. "இல்லன்னு அடிச்சுச் சொல்லிரு. ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாவ?" நிஜமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் ரொம்ப எரிச்சல்.

பொய் சொன்னால் காரியம் நடக்கும். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. பசித்தால் பசிக்கிறது என்கிறாள். கூன் போட்டு உட்கார்ந்தால் ரோட்டிலேயே தோளைப் பிடித்து நிமிர்த்துகிறாள். அவளிடம் ஒன்றை மறைத்துக்கொண்டு எத்தனை வருஷம் நிமிர்ந்து உட்கார்வது?

சொல்லிவிடுவேன்.

ஜூன் 20, வெள்ளி

சொல்ல வேண்டாமோ?

அம்மா மாத்திரை மறந்துவிட்டேன். ஏச்சு.

ஜூன் 22, ஞாயிறு

மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளே சொன்னாள். காலை பத்து மணிக்கு வந்தாள். வயலுக்குத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், ஆறு நிறையப் போகிறது. வாங்கி வந்த கடலைமிட்டாயைப் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் தின்றோம். அப்புறம் அவளே மைதாவை எடுத்து ஒன்பதாம் தூணில் தடவினாள். எழுத்து ஒன்றொன்றாக வெளியே வந்தது. "ஏ, இது 'வா'லா!" என்றாள். உண்மையிலேயே 'வா'தான். இத்தனை நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கிழக்குப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். புகை இந்தப் பக்கம் வந்தது. அவள் முகம் மாறியது. மோந்தவுடனே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"இப்பச் சொல்லுங்க."

சொன்னேன். கொடைக்கானல், இந்த மண்டபம், இருமல், பரோட்டா, எதையும் விடவில்லை. "ரெண்டே தடவதான். அதுக்குப் பொறவு தொட்டதில்ல. சத்தியமா."

கையில் இருந்த மாவை மெல்லத் தட்டிக்கொண்டாள். கோபம் இல்லை. அழவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

"எங்க அண்ணனும் மொதல்ல ரெண்டே தடவன்னுதான் சொன்னான். சத்தியமும் பண்ணினான். நாங்க நம்புனோம்."

பஸ் ஸ்டாப்வரை கூட நடந்தேன். அவளும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ராதாபுரம் பஸ் வந்தது, ஏறிவிட்டாள். மணி மூன்று இப்போது. போன் இல்லை.

பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இரண்டு தடவைதான். வேறு எப்படிச் சொல்ல?