விளம்பரத்துக்குப் பின்னால் நின்றவன்

புரட்டாசி 14, செவ்வாய்

இன்று மதியம் வலங்கைமான் பக்கத்திலிருந்து செல்வி என்கிற பெண் என் வீடியோ கடைக்கு வந்தாள். குத்தகை நிலத் தகராறு பற்றி அவள் கணவன் உள்ளூர் கேபிள் டிவியில் பேசியதை யாரோ சிடியில் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். பேசிய மறுவாரம் அவன் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தான்.

"விளம்பரத்தை மட்டும் எடுத்துடுங்க பாய். அவர் முகம் மங்கிடக் கூடாது."

முழுவதையும் மறுபடி பதிவு செய்தால் படம் மங்கும். அதனால் கம்ப்யூட்டரில் விளம்பரங்களை மட்டும் நறுக்கிவிட்டு, மிச்சத்தைத் தொடாமல் அப்படியே ஒட்டினேன்.

அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் தன் ஊர் வயலில் நின்று பேசுகிறான். பின்னால் வரப்பில் யாரும் இல்லை. கடைசியாக ஒட்டிய இடம் வந்ததும் அதே வரப்பில் ஒருவன் நிற்கிறான். இடையில் சோப்பு விளம்பரம் ஓடியபோது யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இப்போது மண்ணிலிருந்து முளைத்த மாதிரி இருந்தது.

செல்வி எழுந்துவிட்டாள்.

"கடைசியா எங்க வீட்டுக்காரரை வீட்டுலேருந்து கூட்டிட்டுப் போனது இந்த ஆளுதாங்க. அதுக்கு முன்னாடி எங்க ஊரையே பார்த்ததில்லன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கான்."

இரண்டு சிடி போட்டேன். ஒன்றை எடுத்துக்கொண்டாள். "இன்னொன்னு உங்ககிட்ட இருக்கட்டுங்க. நான் வக்கீலைப் பார்க்கிறேன்."

அவள் போனபின் மறுபடி ஓட்டினேன். ஓட்டியிருக்கக் கூடாது. வரப்பில் நிற்பவன் கேமராவைப் பார்க்கவே இல்லை. பேச்சு முடியும்வரை செல்வியின் கணவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சிடி பீரோவில் இருக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. இதை ஒட்டியது யார் என்று கோர்ட்டில் கேட்பார்கள். என் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.