சண்டையே இல்லாத படம்

அக்கா,

இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டார். அந்த வாசனையோடு நீங்களும் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். படம் தொடங்கினாலே உங்களுக்குத் தலை வலிக்கும். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்ப்பீர்கள். "வெளிய போயிடலாமாக்கா?" என்று கேட்டால், "வலி வீட்லயும் இருக்கும், படம் இங்கதான் இருக்கு" என்பீர்கள்.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நமக்கு அடுத்தடுத்த டைப்ரைட்டர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மாட்னிக்கு ஓடுவீர்கள், சில வாரம் என்னோடு, பல வாரம் தனியாக. படம் பிடித்திருந்தால் திங்கட்கிழமை என்னிடம் "போய்ப் பாரு" என்பீர்கள். கதையை மட்டும் சொல்லவே மாட்டீர்கள்.

அந்த ஒரு படத்துக்கு மூன்று வாரம் நச்சரித்தீர்கள். அப்பா மகள் கதை என்று யாரோ சொல்லியிருந்ததால் நான் போகவில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு எனக்கு அப்போது நான்கு வருஷம். நாங்கள் சேலையூரில் குடியிருந்தோம். அப்பா மாடம்பாக்கத்தில், கோயிலுக்குப் பின் தெருவில், தனியாக இருந்தார். நடுவில் சில ஸ்டாப்புகள்தான். அம்மா இறந்துபோன அந்த வீட்டுக்கு அவர் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தொல்லை தாங்காமல், "பாத்துட்டேன்க்கா" என்றேன்.

"எது பிடிச்சுது?"

"சண்டை."

"அதுல சண்டையே இல்லடி."

அடுத்த சனிக்கிழமை இரண்டு டிக்கெட்டோடு வந்தீர்கள். "ரெண்டாவது தடவை பாத்தா ஒண்ணும் ஆகாது, வா."

படத்தில் அந்தக் கிழவர் காபி போடுகிறார். பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுக்கிறார். பிறகு ஒன்றை அலமாரியில் திருப்பி வைக்கிறார். அவ்வளவுதான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்ததும், "மாடம்பாக்கம் பஸ் நிக்குது" என்று மட்டும் சொன்னீர்கள்.

எப்போதும் நான் ஏறுகிற பஸ்தான், சேலையூர் வழியாகத்தான் போகும். ஆனால் கண்டக்டர் கேட்டபோது வாயில் வந்தது மாடம்பாக்கம். கேம்ப் ரோட்டில் என் ஸ்டாப் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவில்லை.

அப்பா கதவைத் திறந்தார். "செருப்ப உள்ள வுடு. நாய் தூக்கினு போயிடும்."

என்ன பேசுவது என்று தெரியாமல், சினிமாவிலிருந்து வருகிறேன் என்று படத்தின் பேரைச் சொன்னேன்.

"நானும் பாத்தேன்" என்றார்.

சினிமா கொட்டகைப் பக்கமே போகாத மனுஷர்.

"உன்கூட வேலை செய்யற பொண்ணாம். போன ஞாயித்துக்கெழம வந்துச்சி. படம் நல்லாக்கீது, போய்ப் பாருங்கன்னு சொல்லிச்சி." கதவைச் சாத்திக்கொண்டே, "அந்தக் கெழவனுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்றார்.

திங்கட்கிழமை உங்களைப் பிடித்துக் கேட்டேன். கார்பன் பேப்பரை அடுக்கிக்கொண்டே, "நல்ல படம்னா நாலு பேருக்குச் சொல்றதுதானே" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அப்பா ஏழு வருஷம் இருந்தார். என் கணவரிடம் முதலில் பேப்பர் மட்டும் கேட்டு வாங்கியவர், பிறகு நாள் முழுக்கப் பேசினார். என் மகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தது அவர் விரல்தான். அந்த ஏழு வருஷமும் நீங்கள் கொடுத்தது. அதை உங்களிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் வேலை மாறி வெளியூர் போனீர்கள், கடிதங்கள் குறைந்தன, பிறகு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதும் நீங்கள் இறந்ததும் ஒரே நாளில் தெரிந்தது.

இப்போது நானும் கதையைச் சொல்லாமல்தான் படங்களைச் சொல்கிறேன். சிலர் போகிறார்கள், சிலர் பார்த்துவிட்டதாகப் பொய் சொல்கிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அப்போதெல்லாம் என் பேரை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறவர் அப்பா. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் அப்படி என்னதான் பேசினீர்கள்? எத்தனை தடவை கேட்டும் நீங்கள் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான். என்னைப் பற்றி நீங்கள் பேசியதை அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது, அக்கா.