வண்ணார்பேட்டையிலிருந்து வந்த எலுமிச்சை

என் உயிரான கோமு அக்காவுக்கு,

உன் எலுமிச்சை சாகவில்லை. மற்றச் சேதியெல்லாம் அப்புறம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது செத்துப்போகும் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். செத்தால் நல்லது என்று காத்திருந்தவர்களும் உண்டு.

உனக்குப் பதினாறாம் நாள் கழிந்ததும், வண்ணார்பேட்டையில் நீ வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்தோம். தையல் மிஷினை அண்ணன் எடுத்துக்கொண்டான். மின்விசிறி சித்தி வீட்டுக்குப் போயிற்று. மாடிப்படி ஓரத்தில் பழைய பெயிண்ட் டப்பாவில் நின்ற எலுமிச்சங்கன்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லை அது. "அது கிடக்கட்டும், வீட்டுக்காரங்க தூரப் போட்டுக்கிடுவாங்க" என்றான் அண்ணன். நான் டப்பாவோடு தூக்கிக்கொண்டேன்.

விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முள் சேலையில் மாட்டி மாட்டி இழுத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், "கன்னு எங்கன வாங்குனீய?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கே வாங்கினாய், அக்கா? யாராவது கொடுத்தார்களா, இல்லை நீயே விதை போட்டாயா? உன்னிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் கேட்காமல் போய்விட்டேன்.

வாசலிலேயே என் மாமியார் நிறுத்திவிட்டார்.

"ஏட்டி, செத்தவ வீட்டுச் செடிய இங்கன எதுக்குக் கொண்டாந்த? அதுவும் முள்ளு. அதுவும் ஒரு வாழாவெட்டி வச்சது."

அந்தச் சொல் உனக்குப் புதிதில்லை. புருஷன் உன் மணிக்கட்டை ஒடித்த அன்று நீ கிளம்பி நம் வீட்டுக்கு வந்தாய். அப்பா திரும்பிப் போகச் சொன்னார். நீ போகவில்லை. தனியாக ஒரு அறை எடுத்தாய். அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, யார் வீட்டுச் சோற்றையும் எதிர்பார்க்காமல் இருந்தாய். அதற்கு ஊர் உனக்கு வைத்த பேர்தான் அது. மஞ்சள் காமாலையில் நீ போன அன்று, உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டே அதைச் சொன்னவர்களும் உண்டு.

"செடி இங்கனதான் இருக்கும் அத்தை" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. புறவாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

கன்று என்னைப் பாடாய்ப் படுத்தியது. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இன்னும் உதிர்ந்தன. மிச்சமிருந்த இலையில் காக்கை எச்சம் போல ஒன்று தெரிந்தது. துடைக்கப் போனால் நெளிந்தது. புழு! ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன். அதன் பிறகும் தேறவில்லை. கடைசியில் ஒரு நாள் டப்பாவைச் சாய்த்தபோது சாக்கடை நாற்றம் அடித்தது. அடியில் நீ ஆணியால் போட்டிருந்த ஓட்டையை வேர் அடைத்துவிட்டிருந்தது. நான் தாகத்துக்கு என்று ஊற்றியதெல்லாம் உள்ளேயே தேங்கி அதை மூழ்கடித்துக்கொண்டிருந்தது.

டப்பாவை வெட்டிப் பிரித்தேன். கறுத்து அழுகின வேரைக் கத்தரித்தேன். அகலமான மண்தொட்டியில் ஓட்டுச் சில்லைப் பரப்பி, செம்மண்ணும் ஆற்று மணலும் மட்கின சாணமும் கலந்து, அதில் நட்டு நிழலில் வைத்தேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இவர் மில்லிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். "காய்ச்சக்காரப் பிள்ளையத் தொட்டுப் பாக்குத மாதிரில்லா பாக்க!" சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு காலையில் நுனியில் நெல்மணி அளவுக்குப் பச்சை தெரிந்தது. பிறகு அது இலையானது. பிறகு இன்னும் சில இலைகள்.

அந்தச் சமயத்தில்தான் இவருடைய தங்கை கனகாவைப் பெண் பார்க்க ஆழ்வார்திருநகரியிலிருந்து வருவதாக இருந்தது. முந்தின நாள் அத்தை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க அக்காளப் பத்திக் கேட்டா, புருஷன் வீட்டுல இருந்துதான் செத்தான்னு சொல்லிரு. வேற ஒண்ணும் பேசாத."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் வாழையிலை அறுக்கப் புறவாசலுக்குப் போனால் தொட்டியைக் காணோம். தேடிப் போனேன். பின்தெருக் குப்பைமேட்டில் சாய்ந்து கிடந்தது. பாதி மண் கொட்டிப்போயிருந்தது. ஓர் ஆடு நின்று கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது. முள்ளையும் மீறித் தின்றிருக்கிறது. மிஞ்சினது ஒரு குச்சி.

எனக்கு அழுகை வரவில்லை, அக்கா. உடம்பெல்லாம் கொதித்தது. ஆட்டை விரட்டி, மண்ணைக் கையால் அள்ளித் தொட்டியில் நிரப்பினேன். இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தேன். அதற்குள் அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் பட்டுச்சேலை முழுக்க மண்.

"அது என்னம்மா, மொட்டைக் குச்சியத் தூக்கிட்டு வார?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"எங்க அக்கா வச்ச எலுமிச்சை. ஆடு தின்னுட்டு."

"அக்கா எங்கன இருக்காவ?"

அத்தை என்னையே பார்த்தார். நான் தொட்டியைக் கீழே வைத்தேன்.

"இறந்துட்டா. புருஷன் கைய ஒடிச்சான், அவன விட்டுட்டு வந்துட்டா. வண்ணார்பேட்டையில தனியா இருந்து, தையல் தச்சுப் பொழைச்சா. அங்கனயே மஞ்சக்காமாலையில போய்ட்டா. இருந்தவரைக்கும் நல்லா இருந்தா."

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, "எம் பிள்ள வாழ்க்கையக் கெடுத்திட்டியே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லாம இருந்திருக்கலாம்லா?" என்றார் இவர். "எங்க அக்கா என்ன, திருடிட்டா வந்தா, மறைக்கதுக்கு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் கனகா உள்ளேயிருந்து வந்தாள். தலையில் வைத்த பூவைக்கூட எடுக்கவில்லை.

"எம்மா, நானும் ஒருநாள் அடி தாங்காம இந்த வாசல்ல வந்து நின்னா, என்னைய ஊருக்கு என்னன்னு சொல்லுவ? செத்துட்டான்னா?"

அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, "தோதுப்படாது" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அத்தை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

தொட்டியை நான் புறவாசலுக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை. முன்வாசலில் வைத்தேன். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இருந்தது. எனக்கு அது போதும். தெருவில் போகிறவர்கள், "குச்சிக்கா தண்ணி ஊத்துத?" என்பார்கள். "ஆமா, குச்சிக்குத்தான் ஊத்துதேன்" என்பேன். சில நாள் நான் எழுந்து வருவதற்குள் கனகா மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னைக்கு வேண்டாம் மதினி, ஈரம் இருக்கு" என்பாள். கோடை முழுக்க ஒன்றும் வரவில்லை. ஒருவேளை எல்லாரும் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு. ஆனி பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்கின வாரத்தில், குச்சியின் நடுவில் இரண்டு இடத்தில் பட்டை வெடித்துத் துளிர் வந்தது.

இப்போது என் இடுப்புக்கு வந்துவிட்டது. இன்னும் பூக்கவில்லை. பூக்காமலே இருந்தாலும் அதன் இடம் முன்வாசல்தான்.

கனகாவுக்குப் போன தையில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கல்லிடைக்குறிச்சி. இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவளே உன் கதையைச் சொல்லிவிட்டாள். "அதுக்கென்ன, பொழைக்கத் தெரிஞ்ச பிள்ளை" என்றாராம் அந்த வீட்டுப் பெரியவர். அத்தை இன்றுவரை தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனால் கனகா புருஷன் வீட்டுக்குப் புறப்படும்போது, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "ஏட்டி, ஏதாச்சும்னா கிளம்பி வந்துரு. பஸ் இருக்கு."

நான் அப்போதுதான் அழுதேன், அக்கா. அப்பா உன்னிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அப்பா இன்னமும் உன் பேரை எடுப்பதில்லை. அண்ணன் உன் படத்தைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தான். சண்டை போட்டு வாங்கி வந்து எங்கள் நடு அறையில் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் யாரென்று கேட்கிறார்கள். இனியும் கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் முழுவதையும் சொல்வேன், எதையும் விடாமல், குரலைத் தாழ்த்தாமல். இது உனக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
காந்திமதி