தொட்டில் வலைக்குள் ஒரு பச்சோந்தி

போடிநாயக்கனூர்,
ஆகஸ்ட் 9, வெள்ளி.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பர்சானா எழுதுகிறேன். நானும் மாமியும் சுகமாக இருக்கிறோம். மேலே மலையில் மழை விடவேயில்லை என்று ஜீப்பை இறக்கிக்கொண்டு வந்த வெள்ளைத்துரை அண்ணன் சொன்னார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு அணையாமல் எரிகிறதாமே, புகையில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து கூப்பிடும்போது, 'சாப்ட்டியா', 'சாப்ட்டேன்' என்பதற்கு மேல் நம் இரண்டு பேருக்குமே பேச்சு வருவதில்லை. போனை மாமியிடம் கொடுத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கல்யாணமான பிறகு உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் கொடுத்துவிட்ட சாக்கு வந்து சேர்ந்தது. துவைக்கிற உடுப்பும் மாமிக்கு மிளகும் இருந்தன. ஸ்வெட்டரை மேலாக வைத்துக் கட்டியிருந்தீர்கள், ஒரு கை வெளியே தொங்கியது. அந்தக் கையில் காய்ந்த இலை ஒன்று ஒட்டியிருக்கிறது என்று உதறப் போனேன். இலை கண்ணைத் திறந்தது.

பச்சோந்திக் குட்டி. வாலோடு சேர்த்து என் நடுவிரல் நீளம்கூட இருக்காது. வெள்ளைத்துரை அண்ணனைக் கேட்டேன். "முந்தலுக்கு மேல லாரிக்கு ஒதுங்கயில புளியங்கொப்பு ஒண்ணு ஜீப்பு மேல உரசுச்சு தாயி. அங்க விழுந்திருக்கும், பாவம்" என்றார். மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "அது மூச்சுப் பட்டாலே ஆகாது, வெரசா வெளிய போடு" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. மிட்டாய்க் கடைப் பெரிய பாட்டில் ஒன்றில் விட்டு, மூடியில் ஓட்டை போட்டேன்.

மறுநாள் காலையில் அது கரியாகக் கருத்துப் போயிருந்தது. வாயைத் திறந்தபடி பாட்டிலின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஏறி ஏறி வழுக்கியது. பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன். தெருமுனை திரும்பும்போதுதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு நான் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை என்று நினைவு வந்தது. வெயில் கண்ணை ரொம்பக் கூசியது.

டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "பயத்துல கருத்திருக்கும்மா. கண்ணாடிக்குள்ள காத்தும் வராது, எங்கிட்டுத் திரும்புனாலும் ஆளுக தெரியும். கையில எடுக்காதீங்க. காத்தோட்டமா, நாலு கொப்பும் எலையுமா, உசரத்துல வைங்க. நாம அதக் குனிஞ்சு பாக்கக் கூடாது. அது நம்மளக் குனிஞ்சு பாக்கணும்" என்றார். இதையெல்லாம் வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது என்று அவரே வனத்துறைக்குப் போன் போட்டார். சாயங்காலம் அனுசியா என்று ஒரு வனக்காவலர் பெண் வந்து பார்த்தது. "இந்த நெலமையில விட்டா காக்கா கொத்திரும்க்கா. இரை எடுத்துத் தேறட்டும். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும், நான் ஆபீஸ்ல எழுதி வச்சிர்றேன்" என்றது.

இப்போதைக்கு வெங்காயக் கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அது பற்றாது. உயரமாக, வலைபோல ஒன்று வேண்டும். நம் வீட்டில் அப்படி ஒன்று மாடி அறையில் பிரிக்காமல் இருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எடுக்கட்டுமா? எழுத நேரமில்லாவிட்டால் வெள்ளைத்துரை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், போதும்.

உங்கள் உடம்புக்காகத் தினமும் துஆ செய்கிற,
பர்சானா


போடிநாயக்கனூர்,
ஆகஸ்ட் 13, செவ்வாய்.

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். ஞாயிறு ஜீப்பில் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. "தம்பி கடுதாசிய வாங்கிச் சட்டப் பைக்குள்ள வச்சாரு தாயி. அடுப்புச் சோலியா நின்னாரு. ஒண்ணும் சொல்லல" என்றார் வெள்ளைத்துரை அண்ணன். நான் பொறுத்திருப்பேன், அதற்குத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாளாகப் பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை மாடி அறையைத் திறந்தேன். தொட்டில் வலை கடைப்பையோடு அப்படியே இருந்தது. விலைச் சீட்டைக்கூட நீங்கள் கிழிக்கவில்லை. உத்தரத்தில் நீங்கள் அடித்துவைத்த கொக்கியில் நாற்காலி போட்டு ஏறி மாட்டினேன். கீழே முக்காலி வைத்து, அதன்மேல் செம்பருத்திச் சட்டியைத் தூக்கி வைத்து, சுற்றிலும் வலையை இறக்கி ஜிப்பை இழுத்தேன். விரல் கனத்தில் நாலு கொய்யாக் கொப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். மச்சான், அளவெடுத்துத் தைத்ததுபோல அமைந்துவிட்டது. கிழக்கு ஜன்னல் வெயில் ஒரு பக்கம் விழுகிறது, மறுபக்கம் இலை நிழல். காற்றடித்தால் வலை மெல்ல உப்பித் தாழ்கிறது, உள்ளே யாரோ தூங்குவதுபோல.

மாமி சத்தம் கேட்டு மேலே வந்தார்கள். வாசல்படியில் நின்றபடி, "அது பிள்ளைக்கு வாங்குனதுல்ல" என்றார்கள். நான், "ஆமா மாமி" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். இறங்கிப் போனவர்கள் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு மட்டும் போட்டு மூடி வைக்கிறார்கள்.

அது நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு காலை எடுத்து, வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடிவிட்டு வைக்கும். காற்றில் இலை ஆடுவதாக மற்றவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு கண் என்னைப் பார்க்கும்போது இன்னொரு கண் ஜன்னலைப் பார்க்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் மதியத்து லுஹர் பாங்கு வந்துவிடுகிறது, பொழுது போனதே தெரிவதில்லை.

ஆனால் நிறம் திரும்பவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், பக்கத்திலேயே நின்றுகொண்டு குடிக்காமல் இருக்கிறது. வாழைப்பழத் தோல் வைத்து வரவழைத்த குட்டி ஈக்களையும் சட்டை செய்யவில்லை. கண் உள்ளே போய்விட்டது. என் கையில் வந்ததாலே இதற்கு இப்படியோ என்று ஒரு நினைப்பு வந்துவந்து போகிறது. அப்படி நினைக்கக் கூடாது என்று எனக்கே தெரியும்.

உங்களைக் கேட்காமல் எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பர்சானா


ஸ்டோர்,
ஆகஸ்ட் 15.

பர்சானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கோபம் இல்லை. வலையை எடுத்தது நல்லதுதான்.

கிண்ணத்தை எடுத்துவிடு. தேங்கி நிற்பது தண்ணீர் என்றே அதற்குத் தெரியாது. இலையில் சொட்டுவதைத்தான் குடிக்கும். பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு வலைக்கு மேலே கட்டு. நர்சரியில் ஏல நாற்றுக்கு நாங்கள் அப்படித்தான் விடுகிறோம். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் சொட்டினால் போதும்.

இங்கே மலையாளத்து ஆட்கள் இதை ஓந்து என்கிறார்கள். நீ எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன், அது எப்படி நடக்கிறது என்று எழுதிய இடத்தை மட்டும்.

உன் கையில் வந்ததால் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மன்சூர்


போடிநாயக்கனூர்,
ஆகஸ்ட் 22, வியாழன்.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சீட்டு வந்தது. எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

சொன்னபடியே பாட்டிலைக் கட்டினேன். முதல் சொட்டு செம்பருத்தி இலையில் விழுந்து, நுனிக்கு உருண்டு வந்து நின்றது. அது இரண்டு கண்ணையும் ஒரே இடத்துக்குத் திருப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கழுத்தை நீட்டி, நுனியில் வாயை வைத்துக் குடித்தது. தொண்டை ஏறி இறங்கியது. நான் மூச்சு விடாமல் நின்றேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் மாமி. எப்போது ஏறி வந்தார்கள் என்றே தெரியவில்லை. "குடிக்குதா?" என்று குசுகுசுவென்று கேட்டார்கள்.

மறுநாள் மாமியைக் காணோம். பத்து மணிக்கு பஸ்சு பிடித்துச் சிலமலைக்குப் போயிருக்கிறார்கள்! உளுந்துக் காட்டில் முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு வெட்டுக்கிளி பிடித்திருக்கிறார்கள். என்ன செய்கிறீர்கள் என்று காட்டுக்காரர்கள் கேட்டதற்கு, "இருமலுக்கு மருந்து" என்றார்களாம். மதியம் பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்து, "குட்டியாப் பாத்துத்தான் பிடிச்சேன். வாய் சின்னதுல்ல" என்றார்கள். அவர்களுக்கும் ஏதாவது ஒன்றுக்கு ஊட்ட வேண்டும்போல இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் போனது என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

ஆனால் தண்ணீர் குடித்த பிறகும் ஒரு தொந்தரவு. தினமும் காலையில் ஒரே பக்கம் பார்த்து உடம்பை உப்பிக்கொள்ளும், கருத்துப் போகும், வாயைத் திறந்து சீறும். ஜன்னலில் காக்கையும் இல்லை, பூனையும் இல்லை. நாற்காலிமேல் ஏறி, அதன் தலை உயரத்தில் என் தலையை வைத்து, அது பார்க்கிற பக்கம் பார்த்தேன். சீர் பீரோவின் கண்ணாடி. அதற்குள் ஒரு கருத்த குட்டி உப்பிக்கொண்டு நின்றது. தன்னையே வேறொன்று என்று நினைத்து, பாவம், ஒரு வாரமாகப் பயந்திருக்கிறது.

துப்பட்டியை எடுத்துக் கண்ணாடிமேல் போடப் போனேன். போடுவதற்கு முன்னால் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்தும் ரொம்ப நாளாகிவிட்டது. கொஞ்ச நேரம் நின்றேன். மூக்கு, நெற்றி, தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று பிறகு சொல்கிறேன். அப்புறம் மூடிவிட்டேன்.

அன்று மத்தியானம் நாக்கு எப்போது போனது, எப்போது வந்தது என்று தெரியவில்லை, வெட்டுக்கிளி இருந்த இடத்தில் இல்லை. மாமி கை தட்டப் போனார்கள், நான் பிடித்துக்கொண்டேன். பொழுது சாய்ந்து, மஃரிபுக்கு முன்னால் அது வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கியபோது, ஓரத்திலிருந்து நிறம் விட்டுக்கொண்டே வந்தது. கருப்பு சாம்பலாகி, சாம்பல் மங்கிய பச்சையாகி, கடைசியில் அன்றைக்குப் பறித்த ஏலக்காயின் இளம் பச்சை. அறை முழுக்க அந்த நிறம் பரவினதுபோல எனக்கு இருந்தது. இருட்டும்வரை நாங்கள் விளக்கே போடவில்லை.

நேற்று அனுசியா வந்து பார்த்துவிட்டு, "நல்லாத் தேறிருச்சுக்கா. இனிமே நம்ம மூஞ்சி பழகக் கூடாது. காலையில கொண்டாங்க, விட்டுருவோம்" என்றது. அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. இன்று காலை அது இருந்த கொப்பை அவிழ்த்து, வலையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைத்துரை அண்ணன் ஜீப்பில் போனோம். மாமியும் வந்தார்கள். முந்தலைத் தாண்டி, ரோட்டுக்குக் கீழே ஓடைப் பக்கம் ஒரு புங்க மரம். அனுசியா காட்டிய கிளையில் கொப்பைச் சாய்த்து வைத்தேன்.

அது உடனே போகவில்லை. ஒரு கண்ணால் எங்களையும் இன்னொரு கண்ணால் மலையையும் பார்த்தது. பிறகு கிளைக்கு ஒரு கால் வைத்தது, ஆடியது, இன்னொரு கால். மேலே போடிமெட்டிலிருந்து மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணை எடுக்கவேயில்லை மச்சான், அப்படியும் எந்த நிமிஷத்தில் அது இலையாக ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், இல்லாமல் போய்விட்டது. ஆனால் அங்கேதான் இருக்கிறது என்று தெரியும். அந்த மரத்தைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

வெள்ளைத்துரை அண்ணன் கேட்டார்: "மேல ஏறிக்கிறியா தாயி? ஒன்றரை மணி நேரத்துல தம்பிகிட்ட விட்டுர்றேன்." ஒரு காலை ஜீப்பில் வைத்துவிட்டேன். பிறகு இறங்கிக்கொண்டேன். நான் வந்து நின்றால் டீ போட்டுக் கொடுப்பீர்கள், சாப்பிட்டாயா என்பீர்கள், அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால்தான் நான் வரவில்லை.

கண்ணாடியில் தேடியதைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து எனக்கு நினைவு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாயங்காலம் அஸருக்கு முன்னால் அடக்கம் ஆகிவிட்டது என்றார்கள். துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனது நீங்கள். எட்டு மாதம் நான் சுமந்தேன், முகத்தைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். ஏழாம் நாளே, ஏலக்காய் சீசன் என்று சொல்லி மலையேறினீர்கள். என்னிடம் அதைச் சொல்ல நேருமோ என்று பயந்துதான் போனீர்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை, நீங்கள் என்மேல் வருத்தமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன். உங்கள் சீட்டின் கடைசி வரியைப் படித்த பிறகுதான் அந்த நினைப்பு போனது.

இறங்கி வாருங்கள் மச்சான். அவள் யார் சாயலில் இருந்தாள் என்று சொல்லுங்கள். நான் உடைந்து போக மாட்டேன். உடைந்தாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது உடைகிறேன்.

உங்கள்
பர்சானா


ஸ்டோர்,
ஆகஸ்ட் 23.

பர்சானா,

கடிதம் கிடைத்தது. சாவியைச் சோலைமலையிடம் கொடுத்துவிட்டேன், உலர்த்துவதை அவன் பார்த்துக்கொள்வான். கடிதம் வந்த பிறகு பெய்த மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, நாளைக்குள் எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். நடந்து இறங்குகிற ஆளிடம் இந்தச் சீட்டைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு முதல் ஜீப்பில் வருகிறேன். அம்மாவிடம் சொல்.

நெற்றி உன்னுடையது. தலை நிறைய முடி இருந்தது, ஈரமாக. மற்றதை எழுத வரவில்லை, உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

அதுவரை அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அவளையும்.

மன்சூர்